சுகாதார ஆய்வுப் பதிவுகளைக் கொண்டு டெல்டா ஊரின் வரலாற்றை எழுதும் முறை

ஊர் வரலாறு எழுத முற்படுவோர் கோயில் கல்வெட்டிலிருந்தும் தலபுராணத்திலிருந்தும் தொடங்குவதே தஞ்சைப் பக்கத்து வழக்கம். எந்தக் கிணற்றில் யார் நீர் இறைத்தார்கள், தெருச் சாக்கடை எங்கே போய் விழுந்தது, பேதி கண்ட ஆண்டில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. அவற்றைச் சொல்லும் பதிவுகள், விக்டோரியா அரசியின் காலத்தில், குறிப்பாக 1864-க்கும் 1901-க்கும் இடையில், சென்னை மாகாண அரசு எழுதிக் குவித்த சுகாதார அறிக்கைகளிலும் நகராட்சிக் கோப்புகளிலும் கிடக்கின்றன. கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, நாகப்பட்டினம் போன்ற ஓர் ஊரையோ, அவற்றைச் சுற்றியுள்ள ஒரு சிற்றூரையோ எடுத்துக்கொண்டு அந்தப் பதிவுகளைத் தேடிப் படித்து வரலாறாக எழுதும் வழியை இங்கே சொல்கிறேன். இவற்றைப் படிக்கும்போது எண்களை ஐயத்தோடும் இடங்களை நம்பிக்கையோடும் அணுக வேண்டும் என்பது என் கருத்து. சாவுக் கணக்கு பல கை மாறி மேலே போனது. படித்துறையையும் சந்தில் தேங்கிய கழிவையும் ஆய்வுக்கு வந்த அதிகாரி நேரில் நின்று பார்த்து எழுதினார்.

கோப்பைத் திறக்கும் முன்

எந்த ஆண்டில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது என்று தெரியாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எந்தத் துறையின் கட்டைக் கேட்பது என்றே தெரியாது. ஆகவே ஒரு சிறு காலவரிசையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றி எட்வின் சாட்விக் 1842-இல் அளித்த அறிக்கையும் 1848-இன் பொதுச் சுகாதாரச் சட்டமும் தொடக்கம். 1872-இன் சட்டம் ஒவ்வொரு சுகாதார வட்டாரமும் ஒரு மருத்துவ அதிகாரியையும் ஓர் ஆய்வாளரையும் அமர்த்த வேண்டும் என்று விதித்தது. சிதறிக் கிடந்த சட்டங்களை 1875-இன் சட்டம் ஒன்றாக்கியது. நம் ஊர்களைப் பார்க்க வந்த வெள்ளைக்கார மருத்துவர்கள் இந்தச் சூழலில் படித்தவர்கள் என்பதால், சரிவான நிலத்தில் குழாய் வழியே ஓடும் கழிவுநீரே அவர்களுடைய இலக்கணமாக இருந்தது. தரைமட்டமும் ஆற்றுமட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் டெல்டாவில் அந்த இலக்கணம் எங்கெங்கே இடறியது என்பதே பல அறிக்கைகளின் உள்ளடக்கம்.

இந்தியாவில் இது மக்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அன்று, சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. படைவீரர்களின் உடல்நலம் பற்றி 1859-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863-இல் அறிக்கை தந்தது. அதன் விளைவாக 1864-இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. சென்னையில் 1865-இல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது, அதன்கீழ் 1866-இல் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம், மன்னார்குடி ஆகிய ஊர்கள் நகராட்சிகளாயின. ஆகவே இந்த ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டவருக்கு 1866 முதல் நகராட்சிக் கோப்புகளைத் தேட இடமுண்டு. சிற்றூரை எடுத்துக்கொண்டவர் 1871-இன் உள்ளாட்சி நிதிச் சட்டத்தையும், தாலுகா போர்டுகளையும் யூனியன் பஞ்சாயத்துகளையும் உண்டாக்கிய 1884-இன் உள்ளாட்சி வாரியச் சட்டத்தையும் மனத்தில் கொண்டு தேட வேண்டும். நகராட்சிகளுக்கும் அதே 1884-இல் புதிய சட்டம் வந்தது.

பலர் மறந்துவிடும் ஒரு வாயிலும் உண்டு. பொதுக் கிணற்றையோ குளத்தையோ அசுத்தப்படுத்துவது 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 277-ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. நோய் பரவும்படி கவனக்குறைவாக நடப்பது 269-ஆம் பிரிவில் வந்தது. 1889-இல் நகரத் தொல்லைகள் பற்றிய தனிச் சட்டமும் சென்னை மாகாணத்தில் வந்தது. சுகாதார அறிக்கை பொதுவாகப் பேசும் இடத்தில், நீதிமன்றப் பதிவு தெருவையும் ஆளையும் சொல்லிவிடும். எனவே வழக்குப் பதிவுகள் கிடைக்குமானால் அவற்றை விட்டுவிடக் கூடாது.

எங்கே தேடுவது

முதல் இடம் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆய்வு அனுமதிக்கு விண்ணப்பமும் அடையாளச் சான்றும் பரிந்துரைக் கடிதமும் வேண்டியிருக்கும் என்பதால் ஊரிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையையோ வரலாற்றுக் கழகத்தையோ முன்கூட்டியே அணுகுவது நல்லது. உள்ளே பென்சிலோடு செல்லுங்கள், பேனா வேண்டாம். முதலில் கேட்க வேண்டியது உள்ளாட்சி, நகராட்சித் துறையின் அரசாணைகளுக்கான ஆண்டுவாரி அட்டவணை. அந்தத் துறைக்கு முந்திய ஆண்டுகளின் சுகாதாரக் கோப்புகளுக்குப் பொதுத் துறையின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அட்டவணையில் ஊர்ப் பெயர் இன்றைய ஒலிப்பில் இராது: தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ என்றும், நாகை ‘நெகபட்டம்’ என்றும், தரங்கம்பாடி ‘டிராங்குபார்’ என்றும், சீர்காழி ‘ஷியாளி’ என்றும், கொள்ளிடம் ‘கோலரூன்’ என்றும் இருக்கும். ஒரே ஊரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடிப் பார்க்காமல் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, சுகாதார ஆணையரின் அச்சிட்ட ஆண்டறிக்கைகள். கன்னிமாரா நூலகத்தில் பழைய அரசு வெளியீடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவ வரலாறு என்ற தொகுப்பில் ஏராளமான அறிக்கைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அம்மை குத்தும் (பெரியம்மைத் தடுப்பூசி போடும்) துறையின் அறிக்கைகள் அதில் நிறைய உண்டு. ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தவுடன் முன்பக்கத்து நடையழகில் மயங்காமல் கடைசியிலுள்ள பின்னிணைப்புகளுக்குப் போங்கள். மாவட்டவாரியாக, மாதவாரியாக, நோய்வாரியாக அட்டவணைகள் அங்கேதான் இருக்கும். மாவட்டத்தின் பொதுநிலைக்கு வெங்கசாமி ராவ் தொகுத்த 1883-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் மாவட்டக் கையேடு துணை செய்யும்.

காரைக்காலை ஒட்டிய ஊரை எழுதுபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அங்கு நிகழ்ந்த சாவு தஞ்சை மாவட்டக் கணக்கில் ஏறாது, அங்கே பிறப்பு இறப்புப் பதிவும் வேறு முறையில் நடந்தது. நன்னிலம் தாலுகாவின் கிழக்கோரத்து ஊர்களில் நோய் திடீரென்று ‘நின்றுவிட்டதாக’ அட்டவணை காட்டினால், அது எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதோ என்று முதலில் ஐயப்படுங்கள். தரங்கம்பாடியில் இந்தத் தொல்லை இல்லை, டேனியர் அதை 1845-லேயே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

எண்களைக் கையாளுதல்

சிற்றூரில் ஒருவர் இறந்தால் செய்தி மணியக்காரருக்கோ கர்ணத்துக்கோ போகும், அவர் மாதக் கணக்கில் ஏற்றித் தாலுகாவுக்கு அனுப்புவார், தாலுகாவிலிருந்து அது மாவட்டத்துக்கும் சென்னைக்கும் போகும். வரி வசூலும் சாகுபடிக் கணக்கும் தலைக்கு மேல் கிடந்த அந்த மனிதருக்கு இது மற்றுமொரு சுமை. பச்சிளம் குழந்தைகளின் சாவும் சேரியில் நிகழ்ந்த சாவும் எளிதில் விடுபட்டன. காரணம் எழுத வேண்டிய இடத்தில் காலரா, பெரியம்மை, காய்ச்சல், பேதி வயிற்றுக்கடுப்பு, காயம், பிற என்று சில கட்டங்களே இருந்தன. மருத்துவர் பார்க்காத எல்லாச் சாவும் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ கட்டத்தில் போய் விழுந்தது. காய்ச்சல் எண்ணிக்கையை மலேரியா என்று மொழிபெயர்த்து எழுதுவது இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை, அதைச் செய்யாதீர்கள். காலராவும் பெரியம்மையும் ஊரே அறிய வந்து போகும் நோய்கள் என்பதால் அந்தக் கட்டங்கள் ஓரளவு நம்பத்தக்கவை.

பதிவு எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 10,000 பேர் வாழும் ஊரில் ஓராண்டில் 180 சாவுகள் பதிவாகியிருந்தால் ஆயிரத்துக்கு 18 என்று வருகிறது. அக்கால இந்தியாவின் உண்மையான இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது என்பது பிற்கால மக்கள்தொகை ஆய்வாளர்களின் கணிப்பு. ஆகவே 18 என்ற எண் ஊரின் ஆரோக்கியத்தைக் காட்டவில்லை, பாதிக்கு மேல் பதிவாகவில்லை என்பதைக் காட்டுகிறது. திடீரென்று ஓராண்டில் 18-லிருந்து 30-க்கு ஏறினால் கொள்ளைநோய் வந்தது என்று துள்ளிக் குதிக்காமல், கண்டிப்பான ஒரு தாசில்தாரோ நகராட்சிச் செயலரோ புதிதாக வந்தாரா என்று பாருங்கள். எல்லா மாதங்களிலும் சீராக ஏறியிருந்தால் பதிவு சீர்பட்டது என்று பொருள், இரண்டு மாதங்களில் மட்டும் எகிறியிருந்தால் நோய் வந்தது என்று பொருள். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்ப்பதற்காகவே மாதவாரி அட்டவணை வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

விகிதம் கணக்கிட மக்கள்தொகை வேண்டும். ஓரளவு முறையான முதற்கணக்கு 1871-இல் எடுக்கப்பட்டது. சென்னை மாகாணத்துக்கு அதன் அறிக்கையை எழுதியவர் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ். தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) கூலியாட்களுக்குத் தரப்பட்ட உணவின் அளவு போதாது என்று, இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிளோடு வாதாடியவரும் இவரே. அவர் கையொப்பமிட்ட பக்கங்களைச் சற்று நின்று படிக்கலாம். தஞ்சை மாவட்டம் 1871-இல் 19,73,731 பேரையும் 1901-இல் 22,45,029 பேரையும் கொண்டிருந்தது. முப்பது ஆண்டில் இவ்வளவு குறைவாகவே ஏறியதற்கு நோயை மட்டும் காரணமாக்கக் கூடாது, நாகப்பட்டினம் துறைமுகத்தின் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களையும், இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆண்டு என்பதிலும் கவனம் வேண்டும். சுகாதார அறிக்கையின் சாவுக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அம்மை குத்திய கணக்கும் நகராட்சி வரவுசெலவும் ஏப்ரல் முதல் மார்ச் வரை. கிராமக் கணக்குகள் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுப்படி. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1287 என்பது 1877 ஜூலை முதல் 1878 ஜூன் வரை. மூன்றையும் ஒரே தாளில் மாதவாரியாக நிரப்பிக்கொள்ளாவிட்டால், நோய் வருவதற்கு முன்பே அதற்கான செலவு நடந்ததாக எழுத நேரிடும்.

ஆற்று நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள்

மேட்டூர் அணை 1934-இல்தான் வந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு முந்திய டெல்டாவில் தண்ணீர் என்பது மேற்கே பெய்த மழையின் போக்கைப் பொறுத்தது. 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டியபின் காவிரியில் வரத்து சீர்பட்டது என்றாலும், கோடையில் ஆறு மணலாகவே கிடந்தது. ஆனியில் புதுப்புனல் வரும், ஆடியில் பெருகும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, தை மாசியில் வரத்துக் குறையும், பங்குனி சித்திரையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புவார்கள். மாதவாரிச் சாவு எண்ணிக்கையை இந்த ஓட்டத்தின் அடியில் வரிசையாக எழுதிப் பாருங்கள். புதுவெள்ளம் வாய்க்காலில் ஆறு மாத அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு குளத்தில் சேர்க்கும் வாரங்கள், மழையில் கொல்லைப்புறக் கழிவு கிணற்றில் இறங்கும் வாரங்கள், குளம் வற்றிச் சேறாகும் வாரங்கள் ஆகிய மூன்றும் வேறு வேறு ஆபத்துகள். உங்கள் ஊரில் எது அடித்தது என்பதை அட்டவணை தானே காட்டிவிடும். பக்கத்து ஊரில் அது வேறாக இருக்கக்கூடும்.

இதனோடு திருவிழா நாட்காட்டியையும் சேர்க்க வேண்டும். கும்பகோணத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம், மாயவரத்துக்கு ஆண்டுதோறும் ஐப்பசியில் துலாக் கட்டத்து நீராடல், நாகூருக்குக் கந்தூரி, வேளாங்கண்ணிக்கு ஆவணித் திருவிழா. கூட்டம் கூடிய ஊரில் சாவு குறைவாகத் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம். காலரா தொற்றியவர் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் நோயாளி ஆவார். அதற்குள் அவர் ஊர் திரும்பியிருப்பார், அல்லது ரயிலில் இருப்பார். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியே திருச்சிராப்பள்ளிக்கு 1860-களின் தொடக்கத்திலேயே ரயில் பாதை வந்துவிட்டது. ஆகவே விழாவுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் சுற்றுத் தாலுகாக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

பின்னர் அறிக்கையை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஆய்வாளர் எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் துறையில் முடித்தார் என்பது பத்திகளின் வரிசையிலேயே தெரியும். கும்பகோணமானால் வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இடையிலுள்ள குளங்களுக்கு நீர் எந்த வாய்க்கால் வழியே வந்தது, எந்த வழியே வடிந்தது என்பதை நிலத்தில் வைத்தே புரிந்துகொள்ள முடியும். பாசன வாய்க்காலா வடிகாலா என்ற ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டால் முழு அறிக்கையும் தலைகீழாகிவிடும், எனவே பொதுப்பணித் துறை வரைபடத்தோடும் அந்தத் தெருவின் முதியவரோடும் ஒத்துப் பாருங்கள். இன்று மூடிய சாக்கடையாகக் கிடப்பதைப் ‘பத்துக் காணி பாய்ஞ்ச வாய்க்கால் தம்பி’ என்று அவர் சொல்லக்கூடும்.

அவர்கள் எழுதாமல் விட்டவை

கிணறுகளின் எண்ணிக்கை அறிக்கையில் இருக்கும், எந்தக் கிணற்றில் யார் கயிறு போடலாம் என்பது பெரும்பாலும் இராது. அக்ரகாரத்துக்கும் குடியானத் தெருவுக்கும் கிணறு இருக்க, சேரி மக்கள் வாய்க்கால் நீரையே நம்பியிருந்த ஊரில் காலரா எங்கே முதலில் கொன்றது என்பதைச் சராசரி எண் மறைத்துவிடும். சேரியின் அசுத்தத்தைப் பற்றி முகம் சுளித்து எழுதியவர், அங்கு நல்ல தண்ணீர் போகாததற்குக் காரணம் யார் என்று கேட்டாரா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் அதை உங்கள் கட்டுரையில் நீங்கள் கேட்க வேண்டும். நகரைச் சுத்தமாக வைத்திருந்த துப்புரவுத் தொழிலாளர்களும் அறிக்கையில் பெயரற்றவர்களே. அவர்களை நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் ஆள் எண்ணிக்கையாகவும் மாதச் சம்பளமாகவும் காணலாம். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற கணக்கில் அந்தச் சம்பளத்தை அதே ஆண்டின் நெல் விலையோடு வைத்துப் பார்த்தால், சுகாதாரம் யார் முதுகில் நடந்தது என்பது விளங்கும்.

எழுதியவர் எந்தக் கொள்கையை நம்பினார் என்பதையும் கவனியுங்கள். காலராவின் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். அதற்கு முன் எழுதியவர்கள் பலரும் துர்நாற்றக் காற்றையும் மண்ணின் ஈரத்தையும் காரணமாகக் கொண்டார்கள், அதற்குப் பின்னும் அதிகாரிகள் உடனே மாறிவிடவில்லை. நாற்றத்தைத் தேடிப் போன ஆய்வாளர் எருக்குழியையும் சாக்கடையையும் விரிவாக எழுதிவிட்டுத் தெளிந்த நீருள்ள கிணற்றை நல்ல கிணறு என்று கடந்துபோயிருப்பார். நீர்ச் சோதனை முடிவுகளில் குளோரின், அம்மோனியா ஆகியவற்றின் அளவுகள் இருந்தால், அவை கிருமியை எண்ணிய எண்கள் அல்ல, சிறுநீரும் அழுகலும் கலந்த தடயத்தைத் தேடியவை. கடலோர ஊர்களில் மண்ணின் உப்பே குளோரினை ஏற்றிக் காட்டும் என்பதால் நாகப்பட்டினத்துக் கிணறுகளை அந்த அளவை வைத்துக் குறை சொல்லக் கூடாது.

அம்மை குத்திய கணக்கு வேறு வகைச் சிக்கல். அம்மையை மாரியம்மன் வந்ததாகக் கொண்ட மக்கள் மருந்தை வெறுத்தார்கள் என்று அறிக்கைகள் எளிதாகச் சொல்லிவிடும். ஆனால் நெடுங்காலம் அம்மை குத்திய ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை, அதாவது அம்மைப்பாலை, அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். யார் வீட்டுக் குழந்தையிடமிருந்து எடுத்தது என்ற தயக்கமும், கை பழுத்துச் சீழ் வைக்கும் அச்சமும் பெற்றோருக்கு இருந்ததில் வியப்பில்லை. கன்றுக்குட்டியின் கொப்புளத்திலிருந்து எடுத்த அம்மைப்பால் வந்து, பின்னாளில் கிண்டியில் தம் பெயரால் நிறுவனம் அமைந்த சுகாதார ஆணையர் கிங் அதை லானோலின் களிம்பில் கலந்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்த பிறகு உங்கள் தாலுகாவின் எண்ணிக்கை ஏறியதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் ‘மூடநம்பிக்கை’ என்ற சொல்லை அழித்துவிடலாம்.

எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் அரசாணை எண்ணும் துறையும் நாளும் உடன் இருக்க வேண்டும். குறிப்பெடுத்த அன்றே எழுதாவிட்டால் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. வழக்குப் பதிவுகளில் வரும் குடும்பப் பெயர்களைப் போடாதீர்கள், அவர்களுடைய பேரன் பேத்திகள் அதே தெருவில் இருப்பார்கள். தெருவின் பெயரே போதும். கட்டுரையை 1901-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறப்பு இறப்புப் பதிவுக்கான 1899-இன் சென்னைச் சட்டம் எண்களின் தரத்தை மாற்றத் தொடங்குகிறது, மேட்டூர் ஆற்று நாட்காட்டியை மாற்றுகிறது, 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டம் ஆய்வாளரின் அதிகாரத்தை மாற்றுகிறது. அந்தக் காலத்துக்கு இதே அட்டவணையை நீட்டினால் கணக்கு பொருந்தாது, வேறு தாளில் தொடங்க வேண்டும்.